பந்தைக் கையிலெடுக்கும் வேளை

கொழும்பிலிருந்து களனிவெளிப் புகையிரதத்திற் பயணஞ் செய்யும் நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வீடுகளுக்கும் மதில்களுக்கும் இடையே நெருங்கிச் சென்ற வண்டி, திடீரெனப் பரந்ததொரு பசும்புல் வெளியினூடே செல்லத் தொடங்கும். அது றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானம். 1879 ஆம் ஆண்டிலே தோன்றிய அக்கழகத்தின் மைதானத்தைப் புகையிரதப் பாதை ஊடறுத்துச் செல்கின்றது. வண்டி வரும்போது ஆட்டக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு ஒதுங்கி நின்று வழிவிடுவர். அவ்வாறு நிற்பவருள் ஒருவர் முகம் மலர்ந்திருக்கும். மற்றொருவர் முகமோ, கடன் கொடுத்தவன் எதிரே வருவதைக் கண்டவர் முகம் போலிருக்கும். அந்த இரண்டாமவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவருடைய ஆட்டம் அன்று கெட்டுவிட்டது. இன்னும் பத்துக் குழிகள் எஞ்சியிருக்கின்றன. அவர் தொடர்ந்து ஆடுவதா, அன்றிப் பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு வீடு செல்வதா?

விளையாட்டுத்தானே, மனம் ஒப்பாவிடில் விட்டுவிட்டுப் போகட்டுமே என்று நேயர்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே. ஆனால் இந்தச் சின்னக் கேள்வி, உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர் சிலரின் நெஞ்சிலே நெடுங்காலம் முள்ளாகத் தைத்திருந்தது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். ஒரு சுற்று என்பது பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் தொடக்க இடத்திலிருந்து பந்தைக் கோலால் அடித்து, தூரத்திலே கொடி நாட்டிய சிறு குழியில் விழச் செய்யவேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவருக்கு இக்குழிக்கு இத்தனை அடிகள் போதும் என்று ஓர் அளவு விதித்திருக்கிறார்கள். ஆட்டக்காரர் அதனைப் 'பார்' என்பர். நாம் நியம அடி என்று சொல்லிக்கொள்வோம். பல மைதானங்களில் பதினெட்டுக் குழிகளுக்குமான நியமம் எழுபத்திரண்டு அடி. அடிக்கணக்குப் போட்டியிலே சுற்று முழுவதிலும் அடித்த அடிகளைக் கூட்டிப் பார்த்து, குறைந்த தொகை பெற்றவர் வென்றவராவார். ஒரு சுற்றை நடந்து முடிக்க ஏறக்குறைய நான்கு மணி நேரமாகும்.

இந்த நான்கு மணி நேரத்திலேதான் தொல்லை இருக்கிறது. கிரிக்கெட்டிலே துடுப்பாட்டக்காரர் தவறிழைத்தால் நடுவர் விரலை உயர்த்துகிறார். தவறியவர் தலை குனிந்து போய் நிழலில் அமர்ந்துகொள்ளலாம். குத்துச் சண்டையிலே அடி தாங்காதவனுக்காக அவனுடைய ஆட்கள் துவாயை எறிந்து சண்டையை நிறுத்துவர். கோல்ப் ஆட்டத்திலோ தோற்றுக்கொண்டிருப்பவரை வெளியே அனுப்புவார் எவருமில்லை. ஐந்தாம் குழியிலே மானம் போனவர், போன மானத்தையும் சுமந்துகொண்டு பதினெட்டாம் குழி வரையில் நடக்கவேண்டும். இன்னுமொன்று கவனியுங்கள். கோலைச் சுழற்றி ஒரு முறை அடிக்க இரண்டு விநாடி போதும். தொண்ணூறு அடி அடிப்பவர் நான்கு மணி நேரத்தில் உண்மையாக ஆடுவது மூன்றே நிமிடங்கள். எஞ்சியதெல்லாம் நடையும் காத்திருத்தலும் சிந்தனையுமே. ஆட்டத்தைக் கைவிடும் எண்ணம் அந்த மூன்று நிமிடத்தில் உண்டாவதில்லை, நடக்கும்போதுதான் உண்டாகிறது.

இவ்வெண்ணத்திற்கு இடங்கொடுத்தவர்களுள் மிகப் பெரியவர் பொபி ஜோன்ஸ். அமெரிக்காவின் அற்லாண்டா நகரத்தவரான இவர், 1921 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்திலுள்ள சென் அன்ட்ரூஸ் நகரின் பழைய மைதானத்தில் நடந்த பிரித்தானியப் பகிரங்கப் போட்டியிற் கலந்துகொண்டார். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. திறமையிருந்த அளவுக்குக் கோபமும் இருந்தது. மூன்றாவது சுற்றிலே முதல் ஒன்பது குழிகளுக்கு நாற்பத்தாறு அடிகள் செலவாயின. பத்தாம் குழியில் ஆறு அடிகள். பதினோராவது குழி மூன்றடி நியமமுள்ள குறுகிய குழி. அங்கே பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. ஜோன்ஸ் அக்குழியை முடிக்கவில்லை. பந்தைக் கையிலெடுத்தார், போட்டியிலிருந்து விலகினார். அட்டையைக் கிழித்தெறிந்தார் என்று கூறுவாருமுளர். வேடிக்கை என்னவென்றால், கணக்கிலே சேராத ஆட்டத்தை அவர் அதன் பின்னரும் ஆடிக்கொண்டுதானிருந்தார். எனவே அவர் வெறுத்தது ஆட்டத்தையன்று; அட்டையிலே எழுதப்பட்டுக்கொண்டிருந்த எண்ணையே.

இச்செயலுக்காக அவர் பிற்காலத்தில் மிகவும் வருந்தினார். அந்த மைதானமே அவருக்கு ஒரு கடனாகிவிட்டது என்று சொல்லலாம். 1927 இல் அதே சென் அன்ட்ரூசில் அதே போட்டியை ஆறு அடி வித்தியாசத்தில் வென்றார். 1930 இல் பிரித்தானிய, அமெரிக்கப் பகிரங்கப் போட்டிகள் இரண்டையும், அவ்விரு நாடுகளின் தொழில்முறை சாராதோர் போட்டிகள் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்று, இருபத்தெட்டாம் வயதிலே போட்டிக் களத்திலிருந்து ஓய்வு பெற்றார். அந்நான்கனுள் முதலாவது வெற்றி கிடைத்த இடமும் சென் அன்ட்ரூசே. 1958 இல், தண்டுவட நோயினால் நடையிழந்து கொண்டிருந்த காலத்தில், அந்நகர மக்கள் அவரை அழைத்துத் தங்கள் நகரின் உரிமைப் பட்டத்தை வழங்கினார்கள். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் தங்கள் மைதானத்திலே பந்தைத் தூக்கிக்கொண்டு போன பையனுக்கு அவர்கள் செய்த சிறப்பு அது.

அண்மைக் காலத்திலே வட அயர்லாந்து வீரர் ரோரி மக்கில்ரோயின் கதை இக்கேள்விக்கு இரண்டு விடைகளையும் ஒருவரிடத்திலேயே காட்டுகிறது. 2011 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் அமெரிக்காவின் ஒகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியிலே, கடைசி நாள் தொடங்கும்போது அவர் நான்கு அடிகள் முன்னிலையில் இருந்தார். வயது இருபத்தொன்று. பத்தாம் குழியிலே பந்து இடப்பக்கம் வெகுதூரம் விலகி, மரங்களுக்கப்பால் வீடுகளிருக்கும் பக்கமாகப் போய்விட்டது. நான்கடிக் குழிக்கு ஏழடி செலவாயிற்று. அதன் பின் எல்லாமே சரிந்தன. உலகமெல்லாம் தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எட்டுக் குழிகளையும் நடந்து முடித்து எண்பது அடிக் கணக்கில் ஒப்பமிட்டார். நிருபர்களுக்கும் முகங்கொடுத்துப் பேசினார். இரண்டு மாதத்தின் பின் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார்.

அதே மக்கில்ரோய் 2013 மார்ச் மாதம், உலகத் தரவரிசையில் முதலிடத்திலிருந்தபோது, புளோரிடாவில் ஒரு போட்டியின் இரண்டாம் நாளிலே எட்டுக் குழிகளில் நியமத்திற்கு மேல் ஏழு அடி சென்றிருந்தார். முந்திய ஆண்டு அவர் வென்ற போட்டி அது. ஒன்பதாவதாக ஆடிய குழியில் பந்து தண்ணீரில் விழுந்தது. உடனாடியவர்களிடம் கைகுலுக்கிவிட்டு, நேரே மோட்டார் வண்டிக்குச் சென்றுவிட்டார். ஞானப்பல் வலி என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. பல் வலித்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆயினும் சில நாட்களுக்குள் அவரே, தாம் நின்று ஆடியிருக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார்.

எண்பது அடி அடித்துத் தோற்ற நாளைப்பற்றி அவர் மன்னிப்புக் கோரவேண்டிய தேவை உண்டாகவில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அதே ஒகஸ்டாவில் 2025 இல் அவர் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது, நான்கு நாட்களிலும் சேர்த்து நான்கு குழிகளிலே நியமத்திற்கு மேல் இரண்டு அடி வீதம் இழந்திருந்தார். அவற்றுள் ஒன்று கடைசி நாளின் முதற் குழியிலேயே நேர்ந்தது. பதினெட்டுக் குழிகளின் பின்னும் இருவர் சமமாக நிற்க, மேலதிகக் குழியிலே வெற்றி கிட்டியது.

கெட்ட ஆட்டம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் முழுச் சுற்றும் கெட்டதன்று. ஒரு குழியோ இரண்டு குழியோ கெட்டுவிட, அதன் நிழல் மற்றவற்றின் மேல் விழுகிறது. இதற்குக் கெவின் நா என்ற அமெரிக்க வீரரின் கணக்கைப் போல நல்ல சான்று வேறில்லை. 2011 ஏப்ரிலில் டெக்சாஸ் மாநிலப் போட்டியொன்றின் முதற் சுற்றிலே, ஒன்பதாம் குழியில் அவருடைய பந்து காட்டுக்குள் போயிற்று. பற்றைகளுக்குள்ளே நின்று அடித்தார், மீண்டும் அடித்தார். ஒருமுறை பந்து அவர் மேலேயே திருப்பிப் பட்டுத் தண்ட அடியும் சேர்ந்தது. கடைசியில் எத்தனை அடி என்று அவருக்கே தெரியவில்லை. பதினைந்து என்று எண்ணினார். படச்சுருளைப் பார்த்துப் பதினாறு என்று முடிவு செய்தார்கள். நான்கடிக் குழிக்குப் பதினாறு அடி! நம்மில் எத்தனை பேர் அதற்குப் பின் பத்தாம் குழிக்கு நடப்போம்? அவர் நடந்தார். சுற்றை எண்பது அடியில் முடித்தார். இப்பொழுது கழித்துப் பாருங்கள். எண்பதில் பதினாறு போக அறுபத்து நான்கு. மற்றப் பதினேழு குழிகளின் நியமம் அறுபத்தெட்டு. அந்த ஒரு குழியை நீக்கினால், நியமத்திற்கு நான்கு அடி குறைவாக ஆடிய சிறந்த ஆட்டம் அது. ஒன்பதாம் குழியோடு போயிருந்தால் அவர் கண்முன் நின்றிருப்பது பதினாறு என்ற எண் மாத்திரமே. அதே ஆண்டு ஒக்டோபரில் லாஸ் வேகாசில் அவர் அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளில் தமது முதல் வெற்றியைப் பெற்றார்.

கழகங்களில் ஆடும் சாதாரண ஆட்டக்காரருக்கும் கணக்கு இதே ஆறுதலைத் தருகிறது. 2020 முதல் நடைமுறையிலிருக்கும் உலக ஹண்டிகாப் முறையிலே, ஒருவருடைய அண்மைய இருபது சுற்றுக்களுள் மிகச் சிறந்த எட்டு மட்டுமே அவருடைய திறமைக்கு அளவாகக் கொள்ளப்படுகின்றன. மேலும், ஒரு குழியிலே எவ்வளவு அடித்தாலும் ஒரு வரம்புக்கு மேல் அக்கணக்கிற் சேர்ப்பதில்லை. ஆகவே இன்றைய கெட்ட சுற்று, கழிக்கப்படும் பன்னிரண்டில் ஒன்றாய்ப் போய்விடக்கூடும். ஆனால் கெட்டுப்போன சுற்றுக்களையெல்லாம் பாதியிலே விட்டு, நல்லவற்றை மாத்திரம் எழுதிக் கொடுப்பவர் ஹண்டிகாப் பொய்யானது. தகுந்த காரணமின்றி நடுவிலே போனவருக்குத் தண்டக் கணக்கு எழுதக் கழகக் குழுவுக்கு அதிகாரமுண்டு. இது வெறுங் கண்டிப்பன்று. அப்பொய்யால் முதலில் ஏமாறுகிறவர் அவரே.

இவ்வளவும் சொன்னதால், விடாப்பிடியே பெரிதென்று நான் வாதாடுவதாக எண்ணவேண்டாம். 1938 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த அமெரிக்கப் பகிரங்கப் போட்டியிலே றே எயின்ஸ்லி என்பவருடைய பந்து பதினாறாவது குழியருகே ஓடை நீரில் விழுந்தது. ஓரடியைத் தண்டமாக ஏற்றுப் பந்தை வெளியே இட்டு ஆடலாம் என்பது விதி. அவரோ பந்து கிடந்தபடியே ஆடவேண்டுமென்று எண்ணி, ஓடைக்குள் இறங்கி நின்று அடித்தார். பந்து நீரோடு நகர்ந்தது. அவரும் அதனோடு நகர்ந்தார். நான்கடிக் குழி பத்தொன்பது அடியில் முடிந்தது. அப்போட்டியின் வரலாற்றிலே ஒரு குழிக்கு அதிக அடி அடித்தவர் என்ற பெயர் அவருக்கே உரியதாயிற்று. ஓரடியை விட்டுக்கொடுக்கத் தெரியாமற்போனதன் விலை அது.

ஆகவே இங்கே பிரித்தறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரு குழியைக் கைவிடுவது வேறு; ஆட்டத்தைக் கைவிடுவது வேறு. முன்னதற்கு இந்த விளையாட்டே பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. இருவர் எதிரெதிராகக் குழிக்குக் குழி வெற்றியை எண்ணி ஆடும் போட்டியிலே, தோற்றுவிட்ட குழியை எதிரிக்கு விட்டுக்கொடுத்துப் பந்தை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த குழி புதிதாய்த் தொடங்கும். இங்கிலாந்தின் வொலசி என்னும் கடற்கரை ஊரிலே டொக்டர் பிராங்க் ஸ்டேபிள்போர்ட் என்ற மருத்துவர் இருந்தார். கடற்காற்றிலே தொடக்கக் குழிகளிற் பலர் கணக்கைக் கெடுத்துக்கொண்டு மனமுடைவதைக் கண்ட அவர் ஒரு புள்ளி முறையை வகுத்தார். 1932 இல் அக்கழகத்தில் அம்முறையிலே போட்டி நடந்தது. ஹண்டிகாப்புச் சலுகையைக் கழித்தபின், நியம அடியில் முடித்தால் இரண்டு புள்ளி. ஓரடி கூடினால் ஒரு புள்ளி. அதற்கு மேல் எத்தனை கூடினாலும் சுழி. சுழிக்குக் கீழே எதுவுமில்லை. ஆறு அடித்தவருக்கும் பதினாறு அடித்தவருக்கும் இழப்பு ஒன்றுதான். பந்தை எடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, பின்னால் வருவோரைக் காக்க வைக்காமல் அடுத்த குழிக்கு நடக்கலாம். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டுக்களுள் அதிகம் பேருக்குப் பயன்பட்டது இதுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம். 2019 இல் வந்த விதித் திருத்தங்களும், அடிக்கணக்குப் போட்டியிலேயே குழிக்கு ஓர் உச்சவரம்பு வைத்து ஆடும் முறையைச் சேர்த்துக்கொண்டன.

ஆட்டத்தையே விட்டுப் போகத்தக்க வேளைகளும் உண்டு. நோயும் காயமும் வெளிப்படையானவை. இடி மின்னல் அபாயம் உண்டென்று ஆட்டக்காரர் நியாயமாக நம்பினால், எவருடைய உத்தரவையும் எதிர்பாராது உடனே நிறுத்தலாம் என்று விதி சொல்கிறது. ஏப்ரில், ஒக்டோபர் மாதங்களிலே நம் நாட்டில் பிற்பகல் இடிமுழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். வெட்டவெளியில் இரும்புக் கோலை உயர்த்தி நிற்பது வீரமாகாது. ஆனால் வெறும் மழையோ, வெறும் வெறுப்போ விதிப்படி காரணமாகமாட்டா. அடிக்கணக்குப் போட்டியில் காரணமின்றி நிறுத்தியவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.

கெட்ட நாளிலே எப்படித் தொடர்வது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்திற் கண்டது சிறிதே. கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடவேண்டும். எண்ணை எழுதலாம், கூட்டக்கூடாது. கெட்டுப்போன வீச்சை மைதானத்திலேயே திருத்த முயல்வதும் வீண். இரண்டு விநாடிக்குள்ளே ஆறு அறிவுரைகளை நினைக்கும் மனிதன் பந்தைக் காணவே மாட்டான். நம்பிக்கையுள்ள சிறிய கோலொன்றை எடுத்து, பந்தைக் குறுந்தூரம் நேராகப் போக்கினால் அன்றைக்குப் போதும். நடக்கும் நேரத்திலே நம்முடைய பந்தை மறந்து, உடன் வருபவருடைய பந்தைப் பார்த்து நடப்பது இன்னும் நல்லது. விதிப்படி காணாமற்போன பந்தைத் தேட இப்பொழுது மூன்று நிமிடந்தான் அனுமதி. அந்நேரத்தில் இன்னும் இரண்டு கண்கள் இருப்பது பெரிய உதவி.

உடன் வருபவர் என்றேன். இந்தக் கேள்வியிலே நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது அவரைப் பற்றியதே. அடிக்கணக்குப் போட்டியில் ஒருவருடைய அட்டையை அவரே எழுதுவதில்லை. உடனாடுபவர் எழுதி, இறுதியிலே இருவரும் ஒப்பமிடவேண்டும். அப்படி எழுதுபவர் குறிப்பாளர் எனப்படுவார். நான் போய்விட்டால் என் அட்டை மாத்திரம் குறைபடுவதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டு மைதானமொன்றிலே மாதாந்தப் போட்டி. என்னோடு ஆடியவர் ஓய்வு பெற்ற பாடசாலை ஆசிரியர், அதிகம் பேசாதவர். நாங்கள் இருவர்தாம். முதல் ஒன்பது குழிகளில் நான் அறுபத்தொரு அடி அடித்திருந்தேன். இரண்டு பந்துகள் தேயிலைச் செடிகளுக்குள்ளே போய் மறைந்தன. ஒன்பதாம் குழி கழகக் கட்டடத்தின் அருகே முடிகிறது. அங்கிருந்து தேநீர் மணம் வேறு வந்தது. எனக்கு முழங்கை வலிக்கிறது என்று சொன்னேன். வலி இல்லை. அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி ஐயா, கையைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் அட்டையை அவரிடமே கொடுத்துவிட்டு விறாந்தையிற் போய் அமர்ந்துகொண்டேன். பின்னால் வந்த மூவர் வரும்வரையில் அவர் பத்தாம் குழியின் தொடக்க இடத்திலே தனியே நின்றுகொண்டிருந்ததை அங்கிருந்து பார்த்தேன். அவருடைய எண்களை நானே எழுதியிருந்தும் கூட்டிப் பார்க்கவில்லை; என்னுடையவற்றைக் கூட்டுவதிலேயே கருத்தாயிருந்தேன்.

இரண்டு மணி நேரத்தின் பின் அவர்கள் வந்தார்கள். கழகச் செயலாளர் என்னைத் தேடி விறாந்தைக்கு ஆளனுப்பினார். ஆசிரியர் எழுபத்தொன்பது அடியில் சுற்றை முடித்திருந்தார். எண்பதுக்குக் கீழே அவர் ஆடியது வாழ்நாளிலே அதுவே முதல் தடவை. அட்டையில் முதல் ஒன்பது எண்கள் என் எழுத்திலும், மற்ற ஒன்பதும் வேறொருவர் எழுத்திலும் இருந்தன. நான் எழுதியவற்றுக்கு நானே ஒப்பமிட்டாலன்றி அட்டை செல்லாது. அவர் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். "கை வலி எப்படி?" என்று கேட்டார். அக்கேள்வியிலே கேலி சிறிதும் இருக்கவில்லை. வலிக்கிறதென்று சொன்ன அந்தக் கையாலேயே பேனாவை வாங்கி ஒப்பமிட்டேன்.